தாதியர் பயிற்சியில் பாரபட்சம்: பாடத்தில் இருப்பதைப் பாடத்திலேயே திருத்துவோம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் கருத்தரங்கில் உங்கள் துறை சார்ந்த ஒரு விடயத்தைப் பற்றிக் கதையுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். வைத்தியராகிய நான் தாதியர் கல்வியைத் தெரிவு செய்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்தக் கல்லூரியிலிருந்து வெளியேறித் தாதியரானவர்கள் ஏராளம். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இன்றிரவும் எங்கள் பழைய மாணவிகள் யாரோ சிலர் வைத்தியசாலை விடுதிகளில் கண்விழித்துக் கடமையில் இருப்பார்கள். இரண்டாவது, நாங்கள் எந்தத் தொழில் செய்தாலும், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், ஒருநாள் நோயாளராகக் கட்டிலில் படுக்கத்தான் போகிறோம். அப்போது வைத்தியர் எங்களோடு சில நிமிடங்கள் நிற்பார். தாதி பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பார். எங்கள் உடம்பில் ஏற்படும் மாற்றத்தை முதலில் காண்பவர் அவர். அவருடைய கண் எதைக் காணப் பழக்கப்பட்டது என்பது எங்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

நான் இங்கிலாந்தில் ஒரு பொது வைத்தியசாலையில் பிறந்த சிசுக்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். விடுதிப் பயிற்சிக்கு வரும் தாதிய மாணவர்களுக்கும் மருத்துவமாது மாணவிகளுக்கும் கற்பிப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஆகவே நான் சொல்லும் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வரும். முடிவில் எங்கள் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். இனவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆண்டு ஞாபகம் வரும். அந்தச் சொல்லுக்கு எங்கள் நாட்டில் உள்ள பாரம் வேறு. நான் இன்று கதைப்பது தோலின் நிறத்தையும் பிறந்த இனத்தையும் வைத்து ஒருவரின் உடம்பையும் நோவையும் தவறாகக் கணக்கிடும் பழக்கத்தைப் பற்றி. அதை நிறவாதம் என்றும், அது நோயாளர் பராமரிப்பில் இறங்கும் விதத்தைப் பாரபட்சம் என்றும் சொல்லப்போகிறேன்.

நிறவாதம் என்றவுடன் கெட்ட மனம் படைத்த ஒரு மனிதரைத்தான் நாங்கள் கற்பனை செய்கிறோம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் அறிந்த தாதியரில் மிகப் பெரும்பாலானோர் நல்ல மனமுள்ளவர்கள். நல்ல மனம் இருந்தும் கறுத்த தோலில் நோயைக் காணாமல் விடுவதற்குக் காரணம், காணக் கற்பிக்கப்படாததே. பாரபட்சம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, படத்தில் இருக்கிறது, பொம்மையில் இருக்கிறது, கருவியில் இருக்கிறது, மதிப்பீட்டுப் படிவத்தில் இருக்கிறது. பாடத்தில் இருப்பதைப் பாடத்தில்தான் திருத்தவேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஐக்கிய இராச்சியத்தில் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதை அடுத்த ஆறு கிழமைகளிலும் இறக்கும் தாய்மாரைப் பற்றி ஒரு தேசிய விசாரணை தொடர்ந்து நடைபெறுகிறது. 2018 முதல் 2020 வரையான காலத்தை ஆராய்ந்த அறிக்கையின்படி, வெள்ளையினத் தாய்மாரோடு ஒப்பிடும்போது கறுப்பினத் தாய்மார் இறக்கும் வீதம் 3.7 மடங்கு, ஆசியத் தாய்மார் இறக்கும் வீதம் 1.8 மடங்கு. ஆசியர் என்ற அந்தச் சொல்லுக்குள் நாங்களும் அடக்கம். வறுமை, முன்பே இருந்த நோய்கள், மொழி எனக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் தாதியின் தலையில் போட முடியாது. ஆனால் நோவைச் சொன்னபோது நம்பப்படாமை, மாற்றத்தை நேரத்தோடு காணாமை ஆகியவற்றைப் பயிற்சியால் திருத்த முடியும்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளை பிறந்தவுடன் அப்கார் புள்ளி போடுவார்கள். இங்கே இருக்கும் மருத்துவமாதருக்கு இது தெரியும். அமெரிக்க வைத்தியர் வேர்ஜினியா அப்கார் அம்மையார் 1952இல் அறிமுகப்படுத்தி 1953இல் வெளியிட்ட முறை அது. இதயத் துடிப்பு, சுவாசம், தசைகளின் இறுக்கம், தூண்டலுக்குத் துலங்கும் விதம், நிறம் என்று ஐந்து விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, மொத்தம் பத்து. எத்தனையோ சிசுக்களைக் காப்பாற்ற உதவிய நல்ல முறை. ஆனால் நிறத்துக்கு முழுப்புள்ளி பெறுவதற்கான வரைவிலக்கணம், உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருப்பது. உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருக்கும் பிள்ளை யாருடைய பிள்ளை? யாழ்ப்பாணத்துப் பிள்ளையா, நைஜீரியப் பிள்ளையா?

2023இல் இங்கிலாந்துத் தேசிய சுகாதார சேவையில் இனமும் சுகாதாரமும் பற்றி ஆராயும் அவதான நிலையம், பிறந்த சிசுக்களைப் பரிசோதிக்கும் முறைகள் பற்றிய ஒரு மீளாய்வை வெளியிட்டது. அப்கார் புள்ளி, நீலம் பாய்தல், மஞ்சட் காமாலை ஆகிய மூன்றிலும், வெள்ளைத் தோலை அளவுகோலாகக் கொண்ட சொற்களே வழிகாட்டிகளிலும் பயிற்சியிலும் புழங்குகின்றன என்பதை அது சுட்டிக்காட்டியது. எந்தத் தோலிலும் நாக்கையும் உதட்டையும் வாயின் உட்புறத்தையும் பார்த்தால் ஒட்சிசன் குறைவை அறியும் வாய்ப்பு அதிகம். இதைக் கற்பிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பாடத்தில் இல்லாவிட்டால் மாணவி நிறத்துக்கு ஏதோ ஒரு புள்ளியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

மஞ்சட் காமாலை இன்னும் ஆபத்தானது. பிறந்த சிசுவின் குருதியில் பிலிரூபின் மிகவும் கூடினால் மூளை பாதிக்கப்படும். பிள்ளை செவிப்புலனை இழக்கலாம், வாழ்நாள் முழுவதும் அங்கக் குறைபாட்டோடு இருக்கலாம். நேரத்தோடு கண்டால் நீல ஒளியின் கீழ் வைத்தே பெரும்பாலான பிள்ளைகளைக் குணப்படுத்திவிடலாம். வெள்ளைத் தோலில் மஞ்சள் சட்டென்று தெரியும். எங்கள் பிள்ளைகளின் தோலில் தெரியாது. வெள்ளை விழியையும் முரசையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கண்ணால் பார்த்து அளவை மதிப்பிடாமல் கருவியாலோ குருதிப் பரிசோதனையாலோ அளக்கவேண்டும். இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது.

எங்கள் சித்த வைத்தியர்களின் எண்வகைத் தேர்வை எடுத்துப் பாருங்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அங்கே நிறம் எட்டில் ஒன்று. நாவும் விழியும் தொடுகையும் நோயாளியின் குரலும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. கறுத்த தோலுள்ள மக்களிடையே வளர்ந்த வைத்தியம் தோலின் நிறத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

படுக்கைப் புண்ணும் அப்படித்தான். அதன் முதற்கட்டம், அழுத்தி எடுத்தாலும் மறையாத சிவப்பு என்றுதான் தாதிய மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்புத் தெரியாது. அந்த இடம் சூடாகவோ குளிராகவோ இருக்கும், கல்லுப்போல் இறுகியிருக்கும், அல்லது தொட்டால் நோகும். இதைத் தொட்டுப் பார்க்கப் பழக்காவிட்டால், தோல் உரிந்த பின்னர்தான் புண் கண்ணில் படும். அப்போது முதற்கட்டம் எப்போதோ கடந்துபோயிருக்கும்.

லண்டன் சென்ற் ஜோர்ஜ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே என்பவர், கறுத்த தோலில் இந்தக் குறி எப்படித் தெரியும் என்று வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வியின் விளைவாக, தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020இல் ஒரு கைநூலை வெளியிட்டார். ஒரே நோய்க்குறி வெள்ளைத் தோலிலும் கறுத்த, மாநிறத் தோலிலும் எப்படித் தெரியும் என்பதைப் படங்களால் காட்டும் நூல் அது. ஒரு மாணவரின் கேள்வி என்ன செய்யும் என்பதற்கு இது உதாரணம். கேள்வி கேட்ட பிள்ளையை இருத்திவைக்காத ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது கருவி. கொவிட் காலத்தில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், விரலில் கவ்வி போல மாட்டும் ஒட்சிசன் மானி. அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடாகச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்பதை வைத்துக் குருதியின் ஒட்சிசன் அளவைக் கணிக்கிறது. தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வீதம் வரை காட்டிய நேரங்களில், நாடிக் குருதியில் உண்மையான அளவு 88 வீதத்துக்கும் குறைவாக இருந்த சந்தர்ப்பங்கள் வெள்ளையின நோயாளரில் 3.6 வீதம், கறுப்பின நோயாளரில் 11.7 வீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு. கருவி நலம் என்று சொல்கிறது, நோயாளி மூச்செடுக்க முடியாமல் தவிக்கிறார். 2024 மார்ச்சில் பிரித்தானியாவில் வெளியான, மருத்துவக் கருவிகளின் சமத்துவம் பற்றிய சுயாதீன மீளாய்வும் இதை ஏற்றுக்கொண்டது.

இதற்காக அந்தக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. என் பிரிவில் அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதைத்தான் மாணவிக்குக் கற்பிக்கவேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒரு வசனத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா, காலையில் இருந்த எண் மாலையில் இறங்குகிறதா, இவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எண்ணும் நோயாளியும் ஒத்துப்போகாவிட்டால் நோயாளியை நம்பு, குருதியைப் பரிசோதிக்கச் சொல்லி வைத்தியரைக் கூப்பிடு என்று சொல்லிக்கொடுக்கவேண்டும்.

மூன்றாவது விடயம் நோ. இது பாடப் புத்தகத்தின் கதை.

2017 ஒக்டோபரில் பியர்சன் பதிப்பகம் தாதியர் பாடநூலொன்றின் ஒரு பகுதியை விலக்கி, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நோவுக்கு ஒவ்வொரு பண்பாட்டினரும் எப்படித் துலங்குவார்கள் என்று அந்தப் பகுதியில் ஒரு பட்டியல் இருந்தது. கறுப்பினத்தவர் இப்படி, யூதர் அப்படி, அராபியர் இப்படி என்று வரிசை. எங்களுக்கு மிகக் கிட்டவாகவும் ஒரு வரி இருந்தது. இந்து சமயத்தைப் பின்பற்றும் இந்தியர், அடுத்த பிறவி நல்லதாக அமைவதற்காக நோவைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று நம்புகிறவர்கள் என்பதே அதன் சாரம். சற்று யோசித்துப் பாருங்கள். சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருக்கும் ஓர் அம்மா முனகாமல் கிடக்கிறார். அவருக்கு நோ குறைந்துவிட்டதா, ஆங்கிலம் தெரியவில்லையா, தாதியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கிறாரா? புத்தகம் படித்த மாணவிக்கு விடை முன்பே தெரியும்: மறுபிறவிக்காகப் பொறுக்கிறார். மருந்துக் குவளை அந்தக் கட்டிலைத் தாண்டிப் போய்விடும்.

எங்கள் வைத்தியத் துறையும் இதில் தப்பவில்லை. 2016இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி வைத்தியர்களிடமும் சில கூற்றுகளைக் கொடுத்துக் கேட்டார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது, அவர்களின் நரம்பு நுனிகளுக்கு உணர்ச்சி குறைவு போன்ற பொய்யான கூற்றுகளில் ஒன்றையாவது சரி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ அரைவாசிப் பேர். அத்தகைய நம்பிக்கை உள்ளவர்கள் கறுப்பின நோயாளியின் நோவைக் குறைவாக மதிப்பிட்டார்கள். சிகிச்சைச் சிபாரிசும் அதற்கேற்பப் பிழைத்தது. அடிமை முறைக் காலத்தில் சவுக்கடியை நியாயப்படுத்தச் சொன்ன கதைகளின் மிச்சம் 21ஆம் நூற்றாண்டு வகுப்பறைவரை வந்திருக்கிறது.

அப்படியானால் பண்பாட்டைப் பற்றிக் கற்பிக்கவே கூடாதா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை தந்தவர் ஒரு தாதி. நியூசிலாந்தின் பூர்வீக மக்களான மாவோரியரில் ஒருவர், இரிஹபெட்டி ராம்ஸ்டன். 1988இல் நடந்த ஒரு கூட்டத்தில் மாவோரி தாதிய மாணவியொருவர் எழுந்து, பாதுகாப்பு, பாதுகாப்பு என்று எத்தனையோ வகைகளைச் சொல்கிறீர்கள், எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்ற பொருளில் கேட்டார். ராம்ஸ்டன் அந்தக் கேள்வியிலிருந்து பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை வளர்த்தெடுத்தார். 1992இல் நியூசிலாந்துத் தாதியர் சபை அதைத் தாதியர் பாடவிதானத்தின் கட்டாயப் பகுதியாக்கியது. பத்திரிகைகளில் பெரும் எதிர்ப்பு வந்தது. தாதியருக்கு அரசியல் கற்பிக்கிறார்கள் என்று சொன்னார்கள். ஆனாலும் பாடம் நிலைத்தது.

அதன் உள்ளடக்கம் இதுதான். மற்றவர்களின் பழக்கவழக்கங்களை மனனம் செய்யாதே. முதலில் உன்னைப் பார்: உனக்கு எது இயல்பு, எது விசித்திரம், உன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? பிறகு நோயாளியைக் கேள். பராமரிப்புப் பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்மானிப்பவர் அதைப் பெற்றுக்கொண்ட நோயாளி. இந்த ஒரு திருப்பத்தால் பட்டியல் போடும் பழக்கம் அடிபட்டுப் போகிறது. இந்துக்கள் இப்படி என்ற வரியின் இடத்தில், அம்மா, உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்ற கேள்வி வருகிறது.

கேட்டால் மட்டும் போதாது, விடையை விளங்கவும் வேண்டும். எங்கள் ஊரில் நோவுக்கு எத்தனை சொற்கள்! தலையிடி வேறு, தலைப்பாரம் வேறு. நாரி உளையும், முழங்கால் குத்தும், நெஞ்சு எரியும், வயிறு கொழுவிப் பிடிக்கும், கால் விறைக்கும், காயம் கடுக்கும், பல் விண்விண் என்று தெறிக்கும். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வைத்தியருக்கு ஒரு துப்பு. எரிகிறது என்றால் ஒன்றை யோசிப்போம், கொழுவிப் பிடிக்கிறது என்றால் வேறொன்றை யோசிப்போம். வெளிநாட்டு விடுதியில் இவை எல்லாம் பேரப்பிள்ளையின் மொழிபெயர்ப்பில் பெயின் என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. பிறகு பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்கிறார்கள். எங்கள் அம்மா, பரவாயில்லைப் பிள்ளை என்பார். பரவாயில்லை என்பது எந்த எண்? பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காமல் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைப்பது நல்லெண்ணத்துக்காகச் செய்யும் காரியமாகவே பலருக்குத் தெரிகிறது. அது நாடி பார்ப்பது போன்ற மருத்துவத் திறன் என்று தாதிய மாணவிக்குக் கற்பிக்கவேண்டும்.

இதுவரை நோயாளர் பக்கம் பார்த்தோம். கற்கிற மாணவியின் பக்கமும் உண்டு.

ஐக்கிய இராச்சியத்தில் தாதிய மாணவர் ஒருவர் பதிவு பெற 2,300 மணித்தியாலம் செய்முறைப் பயிற்சி பெறவேண்டும். படிப்பின் அரைவாசி அது. ஆகவே பல்கலைக்கழக விரிவுரையில் எவ்வளவு நல்லதைச் சொன்னாலும், விடுதியில் காண்பதுதான் மாணவியின் மனதில் படியும். அந்த மாணவியே கறுத்த தோலுடையவராக இருந்தால்? இந்தப் பெண் என்னைத் தொடவேண்டாம் என்று ஒரு நோயாளி சொன்னால்? பல இடங்களில் நடப்பது என்னவென்றால், பொறுப்புத் தாதி மாணவியைச் சத்தமில்லாமல் அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார். இரக்கத்தினால்தான் அனுப்புகிறார். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற மாணவிகள் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறார்கள்: இந்தச் சொல்லைச் சொல்லலாம், சொன்னால் கேட்டது கிடைக்கும்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. பொறுப்பானவர் அந்த இடத்திலேயே நோயாளியிடம், இவர் எங்கள் குழுவில் ஒருவர், இப்படிக் கதைப்பதை நாங்கள் ஏற்பதில்லை என்று அமைதியாகச் சொல்லவேண்டும். நோயாளி மனக்குழப்பத்தில் இருக்கிறாரா, காய்ச்சலில் பிதற்றுகிறாரா என்று பார்க்கவேண்டும். பிறகு மாணவியைத் தனியே அழைத்து, தொடர்ந்து செய்ய விருப்பமா, மாற விருப்பமா என்று அவரிடமே கேட்கவேண்டும். நடந்ததைப் பதிய வேண்டும். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து, நிறவாதமாக நடந்துகொள்ளும் நோயாளிக்கு உயிராபத்தில்லாத சந்தர்ப்பங்களில் சிகிச்சையை மறுக்கவும் தேசிய சுகாதார சேவை ஊழியருக்கு இடமளிக்கப்பட்டது. அந்த உரிமை இருப்பதை மாணவிக்கு முதல் நாளே சொல்லவேண்டும்.

மதிப்பீட்டுப் படிவத்தையும் பார்க்கவேண்டும். தொடர்பாடல் போதாது, தன்னம்பிக்கை குறைவு என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், உச்சரிப்பு வேறாக இருக்கும் மாணவியே அதிகம் அடிபடுவார். எந்த நாள், எந்தச் செயல், என்ன குறை, எப்படித் திருத்தலாம் என்று எழுதக் கட்டாயப்படுத்தினால், எழுதுபவருக்கே தான் கண்டது குறையா, பழக்கமில்லாத உச்சரிப்பா என்பது தெரிந்துவிடும். எங்கள் நீளமான பெயர்களை முழுதாகச் சொல்லப் பழகுவதும் இதில் சேரும். மருந்துகளின் நீண்ட பெயர்களைச் சொல்ல முடிந்த நாவுக்கு எங்கள் பெயர்களும் வரும்.

அரை நாள் பயிற்சிப் பட்டறை வைத்தால் இதெல்லாம் தீருமா? தீராது. ஆழ்மனப் பாரபட்சம் பற்றிய பட்டறைகள் விழிப்புணர்வைக் கூட்டலாம். நடத்தையை மாற்றுகின்றன என்பதற்கான ஆதாரம் குறைவு என்று பிரித்தானியச் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2018இல் வெளியிட்ட மீளாய்வே சொல்கிறது. ஒரு நாள் பட்டறையில் கைதட்டிவிட்டு, அடுத்த நாள் பழைய படத்தையும் பழைய பொம்மையையும் வைத்துப் பாடம் நடத்தினால் என்ன பயன்? ஒவ்வொரு பாடத்திலும் எல்லாத் தோலும் இருக்கவேண்டும். கறுத்த தோல் என்று தனி விரிவுரை வைத்தால், அது விசேடம், மற்றதுதான் வழமை என்ற எண்ணம் திரும்பவும் ஊன்றிவிடும். பரீட்சையிலும் அது வரவேண்டும். பரீட்சையில் வராததைப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்பது எங்கள் ரீச்சர்மாருக்கு நன்றாகத் தெரியும்.

இனி எங்கள் வீட்டுக்குள் வருவோம்.

பிரசவ விடுதிக்கு வெளியே நிற்கும் எங்கள் சொந்தக்காரரின் முதல் கேள்வி, ஆணோ பெண்ணோ. இரண்டாவது கேள்வி, பிள்ளை நிறமோ? நிறம் என்ற சொல்லுக்கே நாங்கள் வெள்ளை என்று பொருள் கொடுத்துவிட்டோம். இளஞ்சிவப்புப் பிள்ளைக்கு இரண்டு புள்ளி போடும் படிவத்தைப் பார்த்துக் கோபப்படும் நாங்கள், அதே புள்ளியை எங்கள் வாயால் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்துப் பெண்கள் நோவைத் தாங்குவார்கள், கஷ்டப்பட்டுப் பழகியவர்கள் என்ற வசனத்தை எங்கள் மத்தியில் நீங்கள் கேட்டதில்லையா? விலக்கப்பட்ட அந்தப் பாடநூலின் வரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொழுந்து பறித்த கைக்கு நோ குறைவு என்று எந்த நரம்பியல் நூலும் சொல்லவில்லை. சாதியை வைத்தும் ஊரை வைத்தும் நாங்கள் சொல்லிக்கொள்ளும் வசனங்களும் இதே வகைதான்.

மொழியும் அப்படியே. தமிழ் தெரியாத தாதியும் சிங்களம் தெரியாத நோயாளியும், சிங்கள நோயாளியும் தமிழ்த் தாதியும் எங்கள் நாட்டின் விடுதிகளில் ஒவ்வொரு நாளும் சந்திக்கிறார்கள். விளங்காத நோயாளியை ஒத்துழைக்காத நோயாளி என்று குறிப்பேட்டில் எழுதுவது மிகச் சுலபம். நோவுக்குரிய இருபது சொற்களை மற்ற மொழியில் கற்பது அதைவிடக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்நியர் ஒருவருக்கு அன்று முடிந்தது, ஒரே தீவில் பிறந்த எங்களுக்கு இன்று முடியாததா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

தாதியராகவும் தாதியர் ஆசிரியைகளாகவும் இருக்கும் சகோதரிகளே, உங்கள் அடுத்த பாடத்தின் படங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எத்தனை படத்தில் உங்கள் சொந்தத் தோல் இருக்கிறது? இல்லாவிட்டால் சேருங்கள். உங்களிடம் பயிலும் மாணவி கேள்வி கேட்டால் நேரம் கொடுங்கள்.

நோயாளராகவும் நோயாளரின் பிள்ளைகளாகவும் போகும் சகோதரிகளே, கேட்கப் பயப்படவேண்டாம். இந்தத் தோலில் மஞ்சள் தெரியாது, தயவுசெய்து அளந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். எண் நலம் என்கிறது, அம்மாவால் மூச்செடுக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அது எங்கள் உரிமை. நல்ல தாதி அதை வரவேற்பார்.

மூன்றாவது எங்கள் சங்கத்துக்கு. ஒவ்வொரு நாட்டிலும் எங்களுக்குக் கிளை இருக்கிறது, ஒவ்வொரு கிளையிலும் தாதியர் இருக்கிறார்கள். நோவுக்கும் மூச்சுக்கும் உரிய எங்கள் தமிழ்ச் சொற்களை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று வழக்கு வேறுபாட்டோடு திரட்டி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதி, ஒரு பக்கத் தாளாக அச்சிடுவோம். விடுதிச் சுவரில் ஒட்டக்கூடிய தாள். நூற்றாண்டில் தொடங்கக்கூடிய சிறிய வேலை அது. சொற்களைத் திரட்டும் பணியில் என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவப் பொருளைச் சரிபார்க்க இங்கே என்னோடு படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். தமிழைச் சரிபார்க்க எங்கள் தமிழ் ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார்.

இந்தக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தவர்கள், விளங்காவிட்டால் கையை உயர்த்து என்று சொல்லித் தந்தார்கள். அந்தப் பழக்கம் எனக்கு என் தொழிலில் எந்தப் பட்டத்தையும்விட அதிகம் உதவியிருக்கிறது. அதற்காக அவர்களுக்கு என் நன்றி. சொற்பட்டியலில் சேர விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள்.